இரவல் சிங்காசனம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல 'ராஜா' என்ற ஒரே சொல்லைச் சுற்றி வந்தவை. வேதாகமத்து ராஜாக்கள் எதற்கு அடையாளம், எங்கே அடையாளம், எங்கே வெறும் ராஜா என்பதுதான் எல்லாவற்றிலும் உள்ள கேள்வி. நூல்பெயர்களும் வசன எண்களும் பழைய மொழிபெயர்ப்பின்படி. பொது மொழிபெயர்ப்பை வாசிப்பவர்கள் 'ராஜா' வரும் இடத்தில் 'அரசர்' என்று காண்பார்கள்.

வேதத்தில் ராஜா என்று வந்தாலே அது கடவுளைக் குறிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வேதத்தில் அந்தப் பட்டத்தோடு முதன்முதலில் வருகிறவர்கள் ஆதியாகமம் 14:1-ல் சிநெயாரின் ராஜாவாகிய அம்ராப்பேலும் அவன் கூட்டாளிகளும். ஊர்களைக் கொள்ளையிட்டு ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்தையும் பிடித்துக்கொண்டு போனவர்கள். 'ராஜா என்றால் கடவுள்' என்று ஆரம்பித்தால் முதல் படியிலேயே கால் இடறும்.

ஆளை விட்டுவிட்டு இருக்கையைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 2:12 சாலொமோன் தன் தகப்பனாகிய தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்தான் என்கிறது. அதே செய்தியை 1 நாளாகமம் 29:23 சொல்லும்போது 'கர்த்தருடைய சிங்காசனம்' என்று எழுதுகிறது. இருக்கை கர்த்தருடையது, தாவீதின் வீட்டார் இரவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் தள்ளியது உன்னை அல்ல, என்னைத்தான் என்று கர்த்தர் சாமுவேலிடம் சொன்னதும் (1 சாமுவேல் 8:7) இதனால்தான்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. 'கோ' அரசன், அவன் இல்லம் 'கோயில்'. 'இறை' என்ற சொல்லுக்கு அரசன், கடவுள், அரசனுக்குக் கட்டும் வரி என்று மூன்று பொருளும் உண்டு. எபிரெயத்தில் 'ஹேகால்' அப்படிப்பட்ட சொல்: 1 சாமுவேல் 1:9-ல் அது கர்த்தருடைய ஆலயம், 1 இராஜாக்கள் 21:1-ல் ஆகாபின் அரண்மனை. இரண்டு வீட்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் யார் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்ற வழக்கு வேதம் முழுக்க நடக்கிறது.

உபாகமம் 17-ல் ராஜாவுக்குச் சட்டம் இருக்கிறதே, சாலொமோன் அதை மீறினார் என்கிறார்கள். வேதம் எங்கும் அப்படி நேராகச் சொல்லவில்லையே?

நேராகச் சொல்லவில்லை, கணக்கை எடுத்து வைக்கிறது. உபாகமம் 17:16-17 மூன்று பெருக்கங்களைத் தடுக்கிறது: குதிரைகள் (குறிப்பாக எகிப்திலிருந்து), மனைவிகள், வெள்ளியும் பொன்னும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10:14 முதல் 11:3 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். ஆண்டுக்கு வந்த பொன் 666 தாலந்து. இரதங்கள் 1,400, குதிரைவீரர் 12,000. எகிப்திலிருந்து வரும் இரதத்துக்கு 600 வெள்ளிக்காசு, குதிரைக்கு 150. வெள்ளி எருசலேமில் கற்கள்போல் ஆயிற்றாம். மனைவிகள் 700, மறுமனையாட்டிகள் 300. கண்டனச் சொல் 11-ஆம் அதிகாரத்தில் மனைவிகள் விஷயத்தில்தான் வருகிறது. மற்ற இரண்டும் பெருமைபோல் எழுதப்பட்டிருக்கின்றன. சட்டத்தை மனதில் வைத்து வாசிப்பவருக்கு மட்டும் அந்தப் பட்டியல் வேறு மாதிரி கேட்கும்.

(666 என்றதும் வெளிப்படுத்தின விசேஷம் 13:18-க்கு ஓடாதீர்கள். எஸ்றா 2:13-ல் சிறையிருப்பிலிருந்து திரும்பிய அதோனிகாமின் புத்திரரும் 666 பேர்தான்.)

தடைகளை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அதை அடுத்து 18 முதல் 20 வரை உள்ள வசனங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ராஜா சிங்காசனம் ஏறியதும் செய்ய வேண்டியது படை திரட்டுவதோ கோட்டை கட்டுவதோ அன்று. லேவியராகிய ஆசாரியரிடம் உள்ள நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தைப் பார்த்துத் தனக்கென ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும், அதை ஆயுள் முழுதும் வாசிக்க வேண்டும், தன் சகோதரர்மேல் மனம் மேட்டிமை கொள்ளாதிருக்க வேண்டும். சட்டத்துக்கு மேலே இருப்பவனாக அல்ல, சட்டத்தைப் பார்த்து எழுதும் மாணவனாக ராஜா இங்கே நிற்கிறான். யோசியாவின் 18-ஆம் ஆண்டில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் 'கண்டெடுக்கப்பட்டது' என்று 2 இராஜாக்கள் 22 சொல்லும்போது அதன் கனம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு ராஜாவும் கையால் எழுதி வைத்திருக்க வேண்டிய நூல் அது.

சாமுவேலின் எச்சரிப்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1 சாமுவேல் 8:11-17-ன் எபிரெய மூலத்தில் 'எடுப்பான்' என்ற வினை நான்கு முறை வருகிறது: குமாரரை, குமாரத்திகளை, வயல்களை, வேலைக்காரரை. இடையில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை 'பத்தில் ஒன்று'. பத்தில் ஒன்று கர்த்தருக்குரிய பங்கு. ராஜா அந்தப் பங்கிலேயே கைவைக்கிறான்.

மரங்கள் தங்களுக்கு ராஜா தேடியதாக யோதாம் சொல்லும் கதையில் (நியாயாதிபதிகள் 9) ஒலிவமரம், அத்திமரம், திராட்சச்செடி ஒவ்வொன்றும் யாரைக் குறிக்கிறது?

யூத விளக்க மரபில் ஒத்னியேல், தெபொராள், கிதியோன் என்று சொல்வதுண்டு. நியாயாதிபதிகள் 9 அப்படி எதுவும் சொல்லவில்லை. அதிகாரம் தானே விளக்குவது முட்செடியை மட்டும்: அது அபிமெலேக்கு. 'என் தகப்பன் ராஜா' என்பது அவன் பெயரின் பொருள். தகப்பன் கிதியோனோ ராஜபதவி வேண்டாம் என்று மறுத்தவன் (8:23). பெயரிலேயே குத்தல் இருக்கிறது.

கதையின் கூர்மை மூன்று மரங்களும் சொல்லும் காரணத்தில் இருக்கிறது. எண்ணெயை விட்டு, இனிமையை விட்டு, ரசத்தை விட்டு மரங்களை அரசாள வருவேனோ என்று ஒவ்வொன்றும் கேட்கிறது. விடுவதற்கு எதுவும் இல்லாதது முட்செடி மட்டும். அது 'என் நிழலில் வந்தடையுங்கள்' என்று அழைக்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? அது உண்மையாகத் தரக்கூடியது நெருப்பு ஒன்றுதான். அந்த நெருப்பையும் உருவகம் என்று விட்டுவிடாதீர்கள். அதே அதிகாரத்தின் 48, 49-ஆம் வசனங்களில் அபிமெலேக்கு மரக்கொம்புகளை வெட்டி அடுக்கித் தீ வைக்கிறான், சீகேமின் துருக்கத்தில் (கோட்டையில்) ஏறக்குறைய 1,000 பேர் சாகிறார்கள்.

உவமைகளில் வரும் ராஜா எப்போதும் பிதாவாகிய தேவன்தானே? லூக்கா 19 மட்டும் இடிக்கிறது.

இடிப்பது லூக்கா 19 மட்டுமல்ல, லூக்கா 14:31-ம்தான். 10,000 பேரோடு 20,000 பேரை எதிர்க்க முடியுமா என்று உட்கார்ந்து ஆலோசிக்கும் ராஜா அங்கே தேவன் அல்ல, சீஷனாகப் போகிறவன். இன்னது கொடுத்தால்தான் முடியும் என்று கணக்குப் பார்க்க வேண்டியவன்.

உவமையில் ராஜா வந்தால் வாசிக்கும் முறை இது. முதலில் உவமையின் தலைப்பு வரியைப் பாருங்கள். 'பரலோகராஜ்யம் ஒரு ராஜாவுக்கு ஒப்பாயிருக்கிறது' என்று தொடங்கினால் (மத்தேயு 18:23, 22:2) ராஜாவின் செயல் தேவனுடைய செயலைக் காட்ட வந்தது. அந்தத் தொடக்கம் இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். அடுத்து, உவமையின் முடிவில் இயேசு சொல்லும் விளக்க வரியைப் பாருங்கள். மத்தேயு 18:35 'என் பரமபிதாவும்' என்று கயிறு கட்டிவிடுகிறது. மூன்றாவதாக, கட்டிய இடத்தைத் தவிர மற்ற விவரங்களை இழுக்காதீர்கள். அந்த உவமையில் ராஜா தனக்குக் கடன்பட்ட ஊழியக்காரனை அவன் மனைவி பிள்ளைகளோடு விற்கச் சொன்னான் என்பதிலிருந்து தேவனைப் பற்றி ஒரு உபதேசம் கட்டினால் விபரீதமாகும். அது அக்காலத்துக் கடன் நடைமுறை.

தொகையை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). அந்த ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. எதிரே, உடன் ஊழியக்காரன் அவனுக்குப் பட்ட கடன் 100 பணம், ஆறு லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதம். ஏரோதின் மகன் அர்கெலாயுவின் ஆண்டு வருவாய் 400 தாலந்து என்று ஒரு நூலிலும் 600 என்று இன்னொன்றிலும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். 600 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு ஊழியக்காரன் நாட்டின் பதினாறு வருட வருமானத்துக்கு மேல் கடன்பட்டிருக்கிறான். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

இனி லூக்கா 19. ராஜ்யம் பெற்றுவரத் தூரதேசம் போன பிரபு, அவன் வேண்டாம் என்று பின்னாலேயே ஆள் அனுப்பிய ஊரார் — இது அப்படியே அர்கெலாயுவின் கதை. கி.மு. 4-ல் அவன் ரோமாபுரிக்குப் போனான், 50 யூதர் அவனுக்கு எதிராகப் போய் முறையிட்டார்கள். கேட்டவர்களுக்குத் தெரிந்த கொடிய ஆட்சியாளனை வைத்துச் சொன்ன உவமை. அவன் தேவனுக்கு உருவம் என்று ஒவ்வொரு குணத்தையும் பொருத்தினால், சத்துருக்களைத் தன் முன் வெட்டிப்போடச் சொல்லும் 27-ஆம் வசனத்தில் சிக்கிக்கொள்வீர்கள். போனவர் திரும்பி வந்து கணக்குக் கேட்பார் என்ற இடத்தில் ஒப்புமை நிற்கிறது. அதற்கு மேல் இழுக்க எனக்குத் துணிவில்லை.

சவுலைக் குப்பியிலும் தாவீதைக் கொம்பிலும் அபிஷேகம் செய்ததில் பொருள் உண்டா?

சொற்கள் வேறு என்பது உண்மை. சவுலுக்கும் (1 சாமுவேல் 10:1) யெகூவுக்கும் (2 இராஜாக்கள் 9:1) தைலக்குப்பி, தாவீதுக்கும் (1 சாமுவேல் 16:13) சாலொமோனுக்கும் (1 இராஜாக்கள் 1:39) தைலக்கொம்பு. குப்பியால் அபிஷேகம் பெற்றவர்களின் ஆட்சி நீடிக்கவில்லை, கொம்பால் பெற்றவர்களுடையது நீடித்தது என்று யூத ரபிகளின் நூல்தொகுப்பான தல்மூத் கவனித்திருக்கிறது. யெகூவின் வம்சம் வாக்குப்படி நான்காம் தலைமுறை வரை வந்து, சகரியாவின் ஆறு மாத ஆட்சியோடு அறுந்தது. நல்ல கவனிப்பு. ஆனால் வேதவாக்கியம் எங்கும் இதை விதியாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தைலத்தின் செய்முறை யாத்திராகமம் 30:23-25-ல் இருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒரு ஹின் அளவு ஒலிவ எண்ணெய். அது ஆசரிப்புக் கூடாரத்துக்கும் ஆசாரியருக்கும் உரியது. சாலொமோனுக்கு ஊற்றிய கொம்பு மட்டும் 'கூடாரத்திலிருந்து' எடுக்கப்பட்டது என்று வசனம் குறிப்பிடுகிறது. எல்லா ராஜாக்களுக்கும் அதே தைலம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது.

பெர்சிய ராஜாவாகிய கோரேசுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் ஊற்றாமலே ஏசாயா 45:1 அவனை 'அபிஷேகம்பண்ணப்பட்டவன்' என்கிறது. மேசியா என்பதும் அதே சொல்தான். சிறையிருப்பிலிருந்த ஜனத்தை விடுவித்து அனுப்பும் வேலையைச் செய்பவனுக்கு, புறஜாதியானாலும், அந்தப் பட்டம் போய்ச் சேர்கிறது.

தானியேலில் ராஜா என்றால் ஆளா, ராஜ்யமா?

இரண்டும். மாற்றி மாற்றி. தானியேல் 2:38-ல், ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலையை விளக்கும் தானியேல் அவனைப் பார்த்துப் பொன் தலை நீரே என்கிறார். அடுத்த வசனமே உமக்குப் பிறகு வேறொரு 'ராஜ்யம்' எழும்பும் என்கிறது. 7:17-ல் நான்கு மிருகங்கள் நான்கு ராஜாக்கள், 7:23-ல் நான்காம் மிருகம் நான்காம் ராஜ்யம். 8:20-22-ல் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதிய பெர்சிய ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா, அதன் கண்களுக்கு நடுவே உள்ள பெரிய கொம்பு அதன் முதலாம் ராஜா, முறிந்த இடத்தில் முளைத்த நான்கும் நான்கு ராஜ்யங்கள். தரிசனத்தை விளக்குகிறவர் வாயிலிருந்தே வரும் இந்த வரிகளைப் பென்சிலால் அடிக்கோடிட்ட பிறகு மற்றதைத் தொடுங்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் 17:9-10-ல் சங்கடம் அதிகம். மிருகத்தின் ஏழு தலைகள் ஏழு மலைகள், அவையே ஏழு ராஜாக்கள். ஐந்து பேர் விழுந்தார்கள், ஒருவன் இருக்கிறான், மற்றவன் இன்னும் வரவில்லை. ரோமப் பேரரசர்களை எண்ணுகிறவர்கள் எங்கே எண்ணத் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். ஜூலியஸ் சீசரிலிருந்து எண்ணினால் ஆறாவது நீரோ. அகஸ்துவிலிருந்து எண்ணினால் கல்பா. கி.பி. 68, 69-ல் குறுகிய காலம் ஆண்ட கல்பா, ஓத்தோ, விதேலியு மூவரையும் விட்டுவிட்டால் வெஸ்பாசியன். பட்டியல் தொடக்கத்தை மாற்றினால் விடையும் மாறும். ஏழு என்பது முழுமையின் எண்ணாக நிற்கிறது என்று வாசிப்பவர்கள் பக்கம்தான் நான் சாய்வேன்.

ஏசாயா 14-ல் விழுந்த விடிவெள்ளி சாத்தான் என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அது வெறும் பாபிலோன் ராஜா என்றால் நம்பிக்கையே ஆட்டம் காணாதா?

ஆட்டம் காணத் தேவையில்லை, வரிசையை மட்டும் சரிசெய்யுங்கள். 14:4 இதைப் பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லும் வாக்கியம் என்று பெயரிட்டே தொடங்குகிறது. 16-ஆம் வசனத்தில் பார்க்கிறவர்கள் பூமியைத் தத்தளிக்கப்பண்ணிய 'மனுஷன்' இவன்தானா என்று கேட்கிறார்கள். 12-ஆம் வசனத்து 'விடிவெள்ளி' எபிரெயத்தில் 'ஹெலேல்'. லத்தீன் மொழிபெயர்ப்பு அதை 'லூசிபர்' என்று எழுதியது, அதாவது ஒளி கொண்டுவருவது. அப்போது அது பெயர்ச்சொல் அல்ல. அதே லத்தீன் வேதாகமம் 2 பேதுரு 1:19-ல் விசுவாசிகளின் இருதயத்தில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் 'லூசிபர்' என்றே எழுதுகிறது. சாத்தானின் பெயராக அது நிலைத்தது பிற்கால வாசிப்பால். ஓரிகன் போன்ற ஆரம்பகாலத் திருச்சபைப் பிதாக்கள் அப்படி வாசித்தார்கள், சீர்திருத்தவாதி கால்வின் அதை மறுத்தார்.

எசேக்கியேல் 28-லும் இதே தகராறு. 2-ஆம் வசனத்தில் தீரு என்ற துறைமுக நகரத்தின் 'அதிபதி', 12-ஆம் வசனத்தில் தீருவின் 'ராஜா'. அதிபதி மனிதன், ராஜா சாத்தான் என்று பிரிப்பவர்கள் உண்டு. ஆனால் 16, 18-ஆம் வசனங்களில் ராஜாமேல் சாட்டப்படும் குற்றம் வியாபாரம். முந்தின அதிகாரம் முழுக்கத் தீருவின் கப்பல்களையும் சரக்குகளையும் அடுக்கிச் சொன்ன அதே வியாபாரம். சாத்தான் எந்தத் துறைமுகத்தில் சரக்கு இறக்கினான்?

இருந்தாலும் ஏதேன் தோட்டமும் கேருப் என்ற தூதனும் அங்கே சும்மா வரவில்லை. ஒரு ராஜா தேவனுடைய இருக்கையைத் தனதென்று நினைக்கும்போது ஆதாமின் கதையே மறுபடி நடக்கிறது என்று தீர்க்கதரிசி காட்டுகிறார். ஆகவே முதலில் பாபிலோன் ராஜா, தீருவின் ராஜா. பிறகு அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று கேட்டு அதற்கப்பாலும் போகலாம். முதல் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் தவறு. குதித்தால் ஆளும் மனிதருக்கு வந்த எச்சரிப்பு யாருக்கோ போய்விடும்.

இயேசு எருசலேமுக்குக் கழுதைமேல் வந்தது ஏழ்மையின் அடையாளம்தானே?

ஏழ்மை அல்ல. யாவீரின் 30 குமாரர் 30 கழுதைகளில் ஏறினார்கள் என்று நியாயாதிபதிகள் 10:4 சொல்வது செல்வாக்கைக் காட்ட. சாலொமோனை ராஜாவாக்க தாவீது தன் கோவேறு கழுதையில்தான் ஏற்றினான் (1 இராஜாக்கள் 1:33). சகரியா 9:9-ஐ 10-ஆம் வசனத்தோடு வாசியுங்கள். கழுதைமேல் வருகிற ராஜா எப்பிராயீமின் இரதங்களையும் எருசலேமின் குதிரைகளையும் அற்றுப்போகப் பண்ணுவார். உபாகமம் 17 தடுத்த குதிரைகள் இங்கே இல்லாமற்போகின்றன. தாழ்மை என்று சொல்லுங்கள், அது வசனத்திலேயே இருக்கிறது.

இயேசு பிறந்தபோது காணிக்கையோடு வந்தவர்கள் மூன்று ராஜாக்களா?

மத்தேயு 2 ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று வகை, அதனால் ஆள் மூன்று. சங்கீதம் 72:10-11-லும் ஏசாயா 60:3-லும் ராஜாக்கள் வருவதால் கிரீடம். மத்தேயு 2-ல் ராஜா என்று அழைக்கப்படும் ஏரோதோ கலங்குகிறான்.

மெல்கிசேதேக்கு ராஜாவும் ஆசாரியனுமாக இருக்கலாம், யூதாவின் ராஜா உசியா தூபம் காட்டினால் குஷ்டரோகமா?

இஸ்ரவேலில் இரண்டு பதவியும் இரண்டு கோத்திரத்தில் இருந்தன. தாவீதின் வழிவந்த ராஜா யூதாவிலிருந்து, ஆசாரியன் லேவியிலிருந்து. தாவீதும் சாலொமோனும் பலி செலுத்தினார்களே என்று கேட்பீர்கள், உண்மைதான். உசியா செய்தது வேறு: ஆலயத்துக்குள்ளேயே நுழைந்து தூபபீடத்தில் கைவைத்தான். ஆசாரியன் அசரியாவும் கூட 80 ஆசாரியரும் தடுத்தார்கள் (2 நாளாகமம் 26:16-20). குஷ்டம் தோன்றிய இடம் நெற்றி. பிரதான ஆசாரியன் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று வெட்டிய பொற்தகட்டை அணியும் இடம் அது.

மெல்கிசேதேக்கு இந்தப் பிரிவினைக்கு முந்தியவன். எபிரெயர் 7:2 அவன் பெயரை நீதியின் ராஜா என்றும், சாலேமின் ராஜா என்பதைச் சமாதானத்தின் ராஜா என்றும் பெயர்க்கிறது. இயேசு யூதா கோத்திரத்தார், லேவியின் வழியில் ஆசாரியராக முடியாது (7:14). அதனால்தான் அந்த நிருபம் சங்கீதம் 110:4-ஐப் பிடித்துக்கொண்டு லேவிக்கு முன்னால் போகிறது.

'ராஜா என்றால் சத்தியம், ஆசாரியன் என்றால் நன்மை' என்று ஒரு விளக்கம் படித்தேன். எல்லா இடத்திலும் பொருந்துமா?

அது சுவீடன் நாட்டு இறையியலாளர் இம்மானுவேல் சுவீடன்போர்க் (1688–1772) வகுத்த முறை. யோவான் 18:37 அதற்கு நல்ல துணை: நீ ராஜாவோ என்ற கேள்விக்கு இயேசு சத்தியத்துக்குச் சாட்சி கொடுக்க வந்தேன் என்கிறார். கெட்ட ராஜா வந்தால் எதிர்ப்பொருளில் பொய்யைக் குறிப்பான் என்று அந்த முறை சொல்கிறது. அங்கேதான் எனக்குத் தயக்கம். நல்லவனும் கெட்டவனும் முன்கூட்டியே பொருத்தப்பட்டுவிட்டால், வசனம் நம்மைத் திருத்த இடமே இல்லாமற்போகும்.

இதைவிடப் பழையது முதல் நூற்றாண்டு யூதத் தத்துவஞானி அலெக்சந்திரியாவின் பிலோ சொன்னது. ஆதியாகமம் 14-ன் நான்கு ராஜாக்கள் இன்பம், ஆசை, பயம், துக்கம். எதிர்த்த ஐந்து ராஜாக்கள் ஐம்புலன்கள். புலன்கள் உணர்ச்சிகளுக்குக் கப்பம் கட்டுகின்றன, முதுமையில் கட்ட முடியாமல் போகும்போது போர் மூள்கிறது. அழகான வாசிப்பு, தியானத்துக்கு உதவும். ஆபிரகாம் 318 பேரோடு போனது லோத்தை மீட்கத்தான் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

வெட்டுக்கிளிகளுக்கு ராஜா உண்டா இல்லையா? இரண்டு வசனம் முரண்படுகிறதே.

நீதிமொழிகள் 30:27 இல்லை என்கிறது: ராஜா இல்லாமலே அவை அணி அணியாகப் புறப்படுகின்றன, அதுதான் அவற்றின் ஞானம். வெளிப்படுத்தின விசேஷம் 9:11 உண்டு என்கிறது: பாதாளத்தின் தூதன், எபிரெயத்தில் அபெத்தோன், கிரேக்கில் அப்பொல்லியோன். முரண்பாடாக எடுக்காதீர்கள். பழைய வசனம் தெரிந்தவர்களுக்காகவே எழுதியது போலிருக்கிறது. பாதாளக்குழியின் புகையிலிருந்து வந்தவை சாதாரண வெட்டுக்கிளிகள் அல்ல என்பதற்கு அவற்றுக்கு ஒரு ராஜா இருப்பதே அடையாளம்.